முன்கூட்டியே சொன்ன சாட்சி

லிப்ட்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அடுக்குமாடிகளில் லிப்ட் பழுது பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. சோதிக்காமல் ஒரு கம்பிவடத்தையும் நம்ப மாட்டார். வடத்தைச் சுற்றிப் பழந்துணியைப் பிடித்துக்கொண்டு லிப்டை மெதுவாக ஓடவிடுவார். இழை அறுந்திருந்தால் துணி சிக்கும். சிக்கினால் லிப்டை நிறுத்திவிடுவார். மாடியிலிருப்பவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் மசிய மாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று பச்சைப் பொய் சொன்னார்.

அவர் மனைவி தையல்காரி. பக்கவாதம் வந்து படுத்தவளுக்குப் பேச்சு திரும்பியது, கால் தேறியது. வலது கை மட்டும் மடியில் கிடந்தது. தையல் மெஷினைப் பழைய போர்வையால் மூடிவிட்டாள். லிப்ட்காரர் உபவாசம் இருந்தார், முழங்கால் தேய ஜெபித்தார். கை அசையவில்லை. ஆண்டவர் கேட்கிறாரா, இல்லை சுவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேனா என்ற சந்தேகம் அவரை அரித்தெடுத்தது. போயும் போயும் அதை ஜெபக்குழுத் தலைவரிடம் சொன்னார்.

"அந்தச் சந்தேகம்தான் பிரதர் தடை. கிடைச்சாச்சுன்னு சாட்சி சொல்லுங்க, கிடைக்கும்" என்றார் தலைவர்.

அந்தக் குழுவில் அது வழக்கம். வேலை கிடைக்குமுன்பே கிடைத்துவிட்டது என்பார்கள், அஸ்திவாரம் தோண்டுமுன்பே குடிபோய்விட்டோம் என்பார்கள். நடந்தால் குழுவின் விசுவாசம். நடக்காவிட்டால் உங்கள் அவிசுவாசம். என்ன ஒரு சௌகரியமான ஏற்பாடு பாருங்கள்! காய்ச்சலில் மனைவி வீட்டிலிருந்த ஞாயிறன்று லிப்ட்காரர் எழுந்து, "என் மனைவியோட கை சரியாயிடுச்சு" என்றார். கூடம் அதிரக் கைதட்டினார்கள்.

இரண்டொரு நாளில் குழுவிலிருந்த டீச்சர் ஒரு துணிப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"கை சரியாயிடுச்சாமே அக்கா? மகளுக்குக் கவுன் தைக்கணும். முதல் துணி என்னோடதா இருக்கட்டும்னு ஓடி வந்தேன்."

தையல்காரி தன் கையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"கை இன்னும் வரலம்மா. துணியை வச்சுட்டுப் போங்க, அப்புறம் பேசுறேன்."

டீச்சர் முகம் செத்துப்போய்ப் படியிறங்கினாள். கதவு சாத்தியதும் பிடித்துக்கொண்டாள் தையல்காரி.

"யாரைக் கேட்டு என் கையைச் சரி பண்ணீங்க?"

"விசுவாசத்துல சொன்னேன்."

"வடத்துல துணி சிக்கினா, வடம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வருவீங்களா? உங்க விசுவாசத்துக்கு என் கைதான் கிடைச்சுதா?"

"ஆண்டவர் குடுத்திருந்தா நான் ஏன் பொய் சொல்லப்போறேன்?" என்று எகிறினார் லிப்ட்காரர். அன்றோடு ஜெபத்தை விட்டார், கூட்டத்தை விட்டார். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார். சாப்பிடுமுன் தையல்காரி மட்டும் கண்மூடி ஜெபிப்பாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு உம்மென்று இருப்பார்.

ஒருநாள் லிப்ட் கூண்டின் மேல் நின்று வடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தாரோ, துணியை விசிறியடித்துவிட்டு மேலே பார்த்துக் கத்தினார். "ஒரு கை! ஒரே ஒரு கை! எத்தனை லட்சம் கை செஞ்சவரு நீரு, இவ கை மட்டும் உமக்குப் பாரமா?" வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார். கீழேயிருந்து காவலாளி எட்டிப் பார்த்தார்.

"யார்கிட்டண்ணே சண்டை?"

"ஆண்டவர்கிட்ட" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே திக்கென்றது.

சாயங்காலம் வெட்கத்தோடு அதை மனைவியிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் ஒழுங்கா ஜெபம் பண்ணியிருக்கீங்க. அன்னைக்குக் கூட்டத்துல சொன்னீங்களே, அதுதான் சந்தேகம். உங்க பொய் முட்டுக்கொடுத்தாதான் அவர் நிப்பாருன்னா, அப்படிப்பட்ட ஆண்டவர் நமக்கு எதுக்கு? ஞாயித்துக்கிழமை போறோம். நானும் வரேன்."

ஞாயிறன்று இடது கையால் பிடிசுவரைப் பற்றிக்கொண்டு ஜெபக்கூட்டம் நடக்கும் மாடிக் கூடத்துக்கு ஏறினாள். சாட்சி நேரத்தில் லிப்ட்காரர் எழுந்தார்.

"போன தடவை நான் சொன்னது பொய். இவ கை சரியாகல. இதோ உட்கார்ந்திருக்கா, நல்லாப் பார்த்துக்கோங்க."

தலைவர் பதறி, "ஒரு பாட்டுப் பாடலாம்" என்று கீபோர்டுக்காரரைப் பார்த்தார்.

"பாட்டு இருக்கட்டும் பிரதர், நான் முடிச்சுக்கிறேன். வடம் தாங்குமோ தாங்காதோன்னு பயப்படுறவன் லிப்டுக்குள்ள நின்னுக்கிட்டு கைப்பிடியைத் தூக்கிப் பிடிப்பான், என்னமோ இவன் தூக்கித்தான் அது மேல போற மாதிரி. நானும் அப்படித்தான் பொய் சொல்லி ஆண்டவரைத் தூக்கிப் பிடிச்சேன். இனிமே மாட்டேன். தாங்குறது அவர் வேலை. கை வந்தாலும் வராட்டியும் நான் ஏறி நிக்கிறேன்."

ஒருவரும் கைதட்டவில்லை. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. டீச்சர் மட்டும் எழுந்து வந்து தையல்காரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"துணியைத் திரும்ப வாங்கிக்கட்டுமா அக்கா?"

"அவசரமா?"

"இல்லக்கா."

"அப்ப இருக்கட்டும். இடது கையால வெட்டிப் பழகுறேன். கோணலா வந்தா என்னைத் திட்டக் கூடாது, சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது தையல்காரி கண்ணை மூடாமல் புருஷனையே பார்த்தாள். லிப்ட்காரர் தொண்டையைச் செருமினார்.

"ஆண்டவரே, எனக்கு இன்னும் கோபம் ஆறல. இவளுக்கு அந்தக் கை வேணும், கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். சாப்பாட்டுக்கு நன்றி. ஆமென்."

"ஆமென்" என்றாள் தையல்காரி, அவரைவிடச் சத்தமாக.