செங்கல்வராயன் தியானம் பழகிய விதம்

திருமழிசை தொழிற்பேட்டையில், கார் கதவுக்குக் கீல் செய்கிற கம்பெனி ஒன்றில் செங்கல்வராயன் பதினெட்டு வருஷம், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டினார். அவருடைய அப்பாவும் அம்மாவும் செம்பரம்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் இவர்தான். வேலையில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மிஷின் சத்தம் துளி மாறினாலும் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். மெயின்டெனன்ஸ் ஆட்கள் திறந்து பார்த்தால், அவர் சொன்ன இடத்தில்தான் பேரிங் தேய்ந்திருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு சித்திரை மாதக் காலையில், சிக்கிக்கொண்ட தகட்டை எடுக்க மிஷினை நிறுத்தாமலே கையை விட்டார். இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் பாதியோடு போயின. விசாரிக்க வந்தவர்களிடம் அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அவசரப்பட்டது நான்தான் என்று எழுதிக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது அவரை ஸ்டோர்ஸில் போட்டார்கள். காயம் ஆறியிருந்தது, பயம் ஆறவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் இறங்கும் ஒவ்வொரு முறையும் இவருக்கு உடம்பு தூக்கிப் போடும். பத்து மணிக்குள் சட்டை நனைந்துவிடும். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நிற்பார். கைக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபி அம்மாவிடம் மட்டும் ஒருநாள் இதைச் சொன்னார். தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து மூச்சைக் கவனித்துப் பாருங்கள் என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் செங்கல்வராயன் எதையும் சாதாரணமாகச் செய்கிற ஆள் இல்லை.

பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த மூன்று நாள் தியான வகுப்புக்கு லீவு போட்டுப் போய்வந்தார். மனம் மெல்ல அமைதியாகும் என்று அங்கே சொன்னதை, மனசில் ஒன்றுமே ஓடக் கூடாது என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் விடியற்காலையிலிருந்து போர் தொடங்கியது. கண்ணை மூடியதும் பேருந்து, மேஸ்திரி, மகளின் பரீட்சை, போன விரல் எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் பிடித்து வெளியே தள்ளுவார். தள்ளிய வேகத்தில் அது திரும்பி வரும். மூச்சை நிறுத்தினால் நினைப்பும் நிற்கும் என்று தோன்ற, மூச்சை அடக்கிப் பார்த்தார். தலை சுற்றிச் சுவரில் சாய்ந்ததுதான் மிச்சம். கால் மேல் கால் மடித்து உட்கார்ந்தால்தான் பலிக்கும் என்று நம்பி முட்டியைக் கெடுத்துக்கொண்டார். இருபது நிமிஷத்தில் ஒன்றும் நடக்காததால் நாற்பதாக்கினார். பிறகு ஒரு மணி நேரம்.

அப்படி ஒருநாள் மூடிய கண்ணுக்குள் நீலமாக ஒரு வெளிச்சம் வந்தது. உடம்பே இல்லாதது போலிருந்தது. அன்றைக்கு முழுக்க யாரிடமும் அதிகம் பேசாமல் ஒரு சிரிப்போடு திரிந்தார். அதன்பிறகு இரண்டு மாதம் அந்த வெளிச்சத்தைத் தேடியே உட்கார்ந்தார். அது வரவில்லை. வராத கோபம் வீட்டின்மேல் திரும்பியது.

இரண்டு அறை வீடு அது. அவர் உட்கார்ந்தால் மிக்ஸி ஓடக் கூடாது, டிவி கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது. வேலப்பன்சாவடியில் நர்சிங் படிக்கும் மகள் அகல்யா, ஒரு பேப்பரில் பெயிலானதைச் சொல்ல வந்து நின்றாள். பிறகு பேசலாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பிறகு வரவேயில்லை. மனைவி நாகம்மா எதுவும் பேசாமல் எல்லாவற்றுக்கும் வளைந்துகொடுத்தாள். விரலோடு அவருடைய தைரியமும் போனதை அவள் பார்த்திருக்கிறாள். எதைச் செய்தாவது மனுஷன் தேறி வரட்டும் என்று இருந்தாள்.

மறுவருஷம் ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைக்கு அவருக்கு அதிசயமாக மனசு அடங்கியது. வீடே அசையாமல் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டு, ஜெயித்தவர் போல எழுந்து வந்தார். அடுப்படியில் நாகம்மா இல்லை. வெளியே வந்து பார்த்தால், மொட்டை மாடிக்குப் போகும் படியில் சாரலில் நனைந்தபடி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

"இன்னா நாகு, இங்க குந்திகினு கீற?" என்றார்.

இருமல் முடிகிறவரைக்கும் அவளால் பேச முடியவில்லை. பிறகுதான் சொன்னாள்: "நாலு நாளா இருமலு. உள்ள இருமுனா நீ கண்ணத் தொறந்துடுவ. அதான் இங்க வந்து இருமிக்கிறேன். இன்னிக்கு எந்திரிக்க முடில."

நாலு நாளும் அவர் அதே வீட்டில்தான் இருந்தார். மிஷினில் ஒரு பேரிங் தேய்வதைக் கேட்கிற காதுக்கு, பெண்டாட்டி இருமுவது கேட்கவில்லை.

ஆட்டோவில் தூக்கிக்கொண்டு பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, நல்லவேளை கொண்டு வந்தீர்கள் என்று டாக்டர் படுக்கையில் சேர்த்தார். அகல்யாவுக்குக் கல்லூரி இருந்ததால், பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தவர் செங்கல்வராயன்தான். மூச்சு இரைப்பு கூடினால் உடனே சொல்லுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு நாகம்மாவின் மூச்சைக் கேட்க ஆரம்பித்தார்.

சுற்றிலும் ஒரே இரைச்சல். பக்கத்துக் கட்டிலில் குழந்தை அழுதது, டிபன் டப்பாக்கள் உருண்டன, யாரோ போனில் சண்டை போட்டார்கள். எதுவும் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மனசு அடிக்கடி எங்கோ போனது. இவள் இல்லாமல் போனால் என்ன செய்வேன் என்று அலைந்தது. போனதை உணர்ந்ததும் திட்டவில்லை, தள்ளவில்லை. மூச்சைக் கேட்க வேண்டுமே என்று திரும்பி வந்தார். மறுபடி போனது, மறுபடி வந்தார். சாப்பாட்டு வண்டி வந்தபோதுதான் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது தெரிந்தது. வெளிச்சம் எதுவும் வரவில்லை. ஆனால் முட்டி வலிக்கவில்லை, சட்டை வேர்வையில் நனையவில்லை.

ஆறாம் நாள் நாகம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தார். அடுத்த நாளே அகல்யாவை உட்காரவைத்து, அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டார். அவள் பத்து நிமிஷம் அழுதாள், பிறகு பேசினாள். குறுக்கே எதுவும் சொல்லாமல் முழுக்கக் கேட்டார். நாகம்மாவிடம் அவர் வாயால் மன்னிப்பு கேட்கவில்லை; அந்த மாதம் முழுக்கச் சமையல் அவருடையதாக இருந்தது. தியானத்துக்கென்று அப்போது தனியாக உட்காரவேயில்லை.

கார்த்திகை மாதம் மேலாளரிடம் போய், மறுபடி பிரஸ் ஓட்டுகிறேன் என்றார். மேலாளர் தயங்கினார். ஓட்டவேண்டாம், ஒரு வாரம் பக்கத்தில் மட்டும் நிற்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் நாள் உடம்பு பழையபடி தூக்கிப் போட்டது. அட்டைப் பெட்டிக்குப் பின்னால் போகாமல், எல்லார் கண்ணெதிரிலும் நடுங்கிக்கொண்டு நின்றார். நடுக்கம் எங்கே தொடங்குகிறது, எங்கே ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று பார்த்தார். போகட்டும் என்று அவர் வேண்டவில்லை. நாலாம் நாள் அது வந்தது, இரண்டு மூச்சு நேரம் இருந்தது, போய்விட்டது. எட்டாம் நாள் தானாகப் போய் மிஷின் முன்னால் நின்று, கை உள்ளே போகாமல் தடுக்கும் காவல் கதவை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, முதல் தகட்டை வைத்தார். ஷெட்டில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்த ஷிப்டில் அவர் ஒரு துண்டையும் வீணாக்கவில்லை.

பயம் போனது எப்படி என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட கம்பெனிக்காரர்கள், மேடை போட்டு எல்லாருக்கும் தியானம் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தப்பாகச் செய்வது எப்படி என்பதுதான் என்று மறுத்துவிட்டார். ஆனால் சாப்பாட்டு நேரத்தில், தண்ணீர் டேங்க் நிழலில் அட்டையை விரித்து அவர் மறுபடி மூச்சைக் கவனித்து உட்காரத் தொடங்கியபோது ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். இப்போது பதினோரு பேர். யார் கேட்டாலும் தன் கதையைத்தான் சொல்வார்: மூச்சை அடக்கியதை, வெளிச்சத்தைத் துரத்தியதை, நாகம்மா படியில் உட்கார்ந்திருந்ததை. எதையும் மறைப்பதில்லை. சிலர் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள். நைட் ஷிப்ட் பார்த்தவன் தூங்கட்டும் என்று விட்டுவிடுவார்.

பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் சபீனா போன வாரம்தான் சேர்ந்தாள். மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு நாலாம் நாள் அட்டையை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எனுக்கு இது வராதுண்ணா. கண்ண மூடுனா போதும், ஊட்ல இன்னா சமைக்கிறது, புள்ள டியூசனுக்குப் போச்சா, இதே தான் ஓடினு கீது. பத்து நிமிசத்துல அம்பது தபா ஓடிப்பூடுது மனசு."

"அம்பது தபான்னு உனுக்கு எப்டிம்மா தெர்ஞ்சுது?" என்று கேட்டார் செங்கல்வராயன்.

"ஓடிப்பூட்ச்சேன்னு ஒவ்வொரு தபாவும் தோணுச்சு. திரும்பி வந்துட்டேன்."

"அப்போ அம்பது தபா திரும்பி வந்துகீற. நா முத வருசம் ஒரு தபாகூட வர்ல. சண்டதான் போட்டுகினு இருந்தேன்."

சபீனா மடித்த அட்டையை விரித்துப் போட்டு, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது.