ரோஸ்மேரியிடம் சொன்னது

எங்கள் ஊர் மண்ணரையில் ரோஸ்மேரி என்று கேட்டால், "கேள்வி கேக்குற அக்காவா?" என்பார்கள். அதுதான் அவள் வேலை. கல்யாணமாகித் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் பல வருடம் என் பக்கத்தில் நின்றவள். தொழிலாளர் உடல்நலத்தை ஆராய்கிற ஓர் அமைப்பு ஆள் தேடியபோது துணிந்து போய்ச் சேர்ந்தாள். பத்தாவது படித்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை.

போன வருடம் எங்கள் மேசைக்காரிகளிடமே பேசும் வேலை அவளுக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில் எங்கள் ஆறு பேரை வட்டமாக உட்கார வைத்தாள். உள்ளூர்க்காரர் மயிலாக்கா, முனவர் பேகம், நான், இன்னும் மூன்று பேர். குறிப்பெடுக்க அமைப்பிலிருந்து வர்ஷினி என்ற பெண் வந்திருந்தாள். கேள்வித்தாள் ரோஸ்மேரியின் மடியில் கிடந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்ன ஞாபகசக்தி என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கால் வீங்குகிறதா, முதுகு வலிக்கிறதா என்றபோது தாராளமாகப் பேசினோம். கண் எப்படி என்றாள். "நல்லாத் தெரியுதுங்க" என்று மயிலாக்கா முந்திக்கொண்டார். பாக்கி ஐந்து பேரும் அதையே ஒப்பித்தோம்.

நான் சொன்னது பச்சைப் பொய். கிட்டத்துப் பார்வை மங்கி நாளாகியிருந்தது. வாங்கிய கண்ணாடியைப் பைக்குள் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு திரிந்தேன். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவித் தடவி ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடினேன். முன்பு ஒருநாள் எங்கள் மேசையில் நின்ற சீனியம்மாள் கண்ணாடி போட்டு வந்தாள். ஃப்ளோர் இன்சார்ஜ் குமரன் அவளைப் பிசிர் வெட்டும் மேசைக்கு மாற்றிவிட்டார். அங்கே சம்பளம் குறைவு. என் மகள் நர்சிங் படிக்கிறாள். நான் அங்கே போக முடியாது.

குழுவில் பேசியது போதாது, தனித்தனியாகவும் பேச வேண்டும் என்று ரோஸ்மேரி ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனாள். என் வீட்டுக்கு வந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"மேசையில எனக்கு மட்டுந்தான் இப்படி. யார்ட்டயும் சொல்லிராத" என்றேன். "சரி, அனுசுயா" என்று தலையாட்டினாள். அவள் முகம் என்னவோ போலிருந்தது.

அதற்குள் ஓட்டை விழுந்த பீஸ்கள் சில எங்கள் மேசையைத் தாண்டிப் பேக்கிங் பெட்டிவரை போய்விட்டன. இன்னொரு முறை இப்படி ஆனால் மேசைக்கு வேறு ஆள் போடுவேன் என்று குமரன் கத்திவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்து இரண்டாவது குழுக் கூட்டம் வைத்தார்கள். தனியாகச் சொன்னதையெல்லாம் வைத்து மேற்கொண்டு பேசுவார்களாம். ரோஸ்மேரி என்னைக் காட்டிக்கொடுத்தால் அவ்வளவுதான். அவள் எதிரே உட்காராமல் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன்.

கண் பற்றிய கேள்வி வந்ததும் அவள் நிறுத்தினாள். கைப்பையைத் திறந்தாள். ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மடியில் இருந்த தாளைக் கையில் எடுத்தாள்.

"இத்தனை நாளும் மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வந்தேன். கண்ணு தெரியலன்னு தெரிஞ்சா வேற ஆளப் போட்டுருவாங்களோன்னு பயம்" என்றாள்.

வர்ஷினியின் பேனா நின்றுவிட்டது. ரோஸ்மேரி அவள் பக்கம் பார்க்கவே இல்லை. தாளைப் பார்த்துக் கேள்வியை நிதானமாக வாசித்துவிட்டுக் காத்திருந்தாள். யாரையும் அவசரப்படுத்தவில்லை.

மயிலாக்காதான் முதலில் மணிபர்ஸைத் திறந்தார். "எனக்கும் இருக்குதுங்க. ஊட்டுல அரிசி பொறுக்கறப்ப மட்டும் போட்டுக்குவனுங்க" என்று கண்ணாடியை வெளியே எடுத்தார். அடுத்து முனவர். பிறகு ஒவ்வொருத்தியாக. கடைசியில் நான் துண்டைப் பிரித்தேன். ஆறு பேரும் கண்ணாடியோடு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை ஆறு பேரும் கண்ணாடியோடுதான் மேசைக்குப் போனோம். குமரன் வந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். சரக்கு அனுப்ப வேண்டிய நேரம், ஆறு பேரையும் எங்கே மாற்றுவார்? வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். எங்கள் பெயர் எதுவும் இல்லாத அறிக்கை நிர்வாகத்துக்குப் போனது. மேசைக்கு மேலே நல்ல விளக்கு வந்தது, சீனியம்மாளும் திரும்பி வந்தாள். ரோஸ்மேரியின் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய கேள்வித்தாளைப் பெரிய எழுத்தில் அடித்துத் தருவது இப்போது வர்ஷினியின் பொறுப்பு.

ஆறு பேரும் அவளிடம் தனித்தனியாக ஒரே கதையைச் சொல்லி, எனக்கு மட்டுந்தான் என்று அழுதிருக்கிறோம். இது எங்களுக்குள் பேசியபோதுதான் தெரிந்தது. அத்தனையையும் மனதில் போட்டுக்கொண்டு, கூடத்தில் தன் பயத்தைத்தான் அவிழ்த்துக் காட்டினாள், எங்களுடையதை அல்ல. இப்படி ஒருத்தி என் சிநேகிதி என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

இப்போதும் அவளைச் சீண்டுவேன். தனியாகப் பேசியபோது முனவர் என்னதான் சொன்னாள் என்று போன வாரம் கேட்டுப் பார்த்தேன். மூச்சு விடவில்லை.

"சரி, நான் சொன்னதையாவது சொல்லு" என்றேன்.

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "அத அனுசுயாட்டயே கேளு."