பத்து வருட கேரண்டி

எங்கள் வீடு வயலில் நட்ட வீடு. உத்தமபாளையத்தில் வாய்க்காலை ஒட்டிய நெல்வயலை பிளாட் போட்டு விற்றபோது, அப்பா ஒன்றை வாங்கிக் கட்டினார். அஸ்திவாரத்துக்கு மேல் மருந்து கலந்த சிமெண்டில் ஒரு பட்டை போட்டு, அதன்மேல் தார் பூசினால்தான் சுவரில் ஓதம் ஏறாது என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். "வீடுதான கட்டுறோம், கப்பலா விடப்போறோம்?" என்றாராம் அப்பா. அந்தச் சாமர்த்தியத்தின் பலனை வருடாவருடம் அனுபவித்தோம்.

ஜூனில் அணையைத் திறந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தால், மறுநாளே எங்கள் முன்னறைச் சுவர் நெஞ்சளவுக்கு ஈரமாகிவிடும். பிறகு உப்புப் பூக்கும். பெயிண்ட் அப்பளமாகப் பொரியும். அம்மா ஒவ்வொரு வருடமும் ஒரு வைத்தியம் பார்ப்பார். ஒயிட் சிமெண்ட் அடித்தார். பூச்சைக் கொத்தியெடுத்துவிட்டு மருந்து ஊற்றிப் பூசவைத்தார். தார் ஷீட் ஒட்டி அதன்மேல் பூசச் சொன்னார். ஷீட்டும் பூச்சும் சேர்ந்தே கழன்று விழுந்தன. அப்பா இதிலெல்லாம் தலையிடமாட்டார். காலையில் எழுந்ததும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ஈரம் இருந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, அவருடைய ஒன்றரை ஏக்கர் பிழைத்தது. சுவரால் அவருக்கு வேறு உபயோகம் இல்லை.

எனக்கு நிச்சயம் செய்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஆனி போய், ஆடியும் போய்விட்டது, அணை திறக்கவில்லை. பக்கத்துக் கிணற்றில் கெஞ்சி வாங்கிய தண்ணீரில் அப்பா நாற்றுப் பாவியிருந்தார். நடவுக்குத் தண்ணீரில்லாமல் அது நாற்றங்காலிலேயே முற்றிப் பழுத்துக்கொண்டிருந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவோ நிச்சயத்துக்குள் சுவரைத் தேற்றிவிடுவதென்று தேனியிலிருந்து ஒருவரை வரவழைத்தார். அவர் நெடியடிக்கும் வெள்ளைத் திரவத்தை இரண்டு கை அடித்து, மேலே இளம்பச்சை டிஸ்டம்பர் பூசினார். "பத்து வருசம் கேரண்டிம்மா. கடலே வந்தாலும் ஒரு சொட்டு உள்ள வராது." மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த சுவர் அவர் சொன்னபடியே காய்ந்து கிடந்தது. "ஊரே மெச்சுது, இவுக மூஞ்சியப் பாரு," என்றார் அம்மா. நான் அம்மா கட்சி. உப்புப் பூக்காத சுவருக்கு முன்னால் படமெடுத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். தினமும் அதைத் தொட்டுவிட்டு முகம் தொங்கிப்போகிற அப்பாவின்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. மகளைவிட நாற்று பெரிதாகிவிட்டதா என்று.

நிச்சயத்துக்குச் சில நாள் முன்பு அணையைத் திறந்தார்கள். தண்ணீர் எங்கள் பக்கம் எட்டுமா என்பதே சந்தேகம். நாலு மனை தள்ளியிருக்கும் வாய்க்காலைப் போய்ப் பார்க்கலாமென்றால், அம்மா அப்பாவை நிச்சயச் சாமான் வாங்கக் கம்பத்துக்கும் தேனிக்கும் துரத்திக்கொண்டே இருந்தார். நிச்சயத்தன்று காலையில் சுவரைத் தொடக்கூட விடவில்லை.

அன்று மாப்பிள்ளையின் தாய்மாமன், இதே வாய்க்காலில் மேலே வயல் வைத்திருக்கும் அனுமந்தன்பட்டிக்காரர், ஜமுக்காளத்தில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். தட்டு மாற்ற எழுந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க இளம்பச்சை.

அப்பா வேகமாக வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ மாமனை ஒதுக்கிவிட்டுச் சுவரில் கை வைத்தார்.

"தண்ணி வந்துருச்சு!" அப்பாவின் குரல் உடைந்தது.

மாமனும் சட்டையை மறந்து கை வைத்துப் பார்த்தார். "இங்கன வந்துருச்சுன்னா எங்க வயலுக்கும் வந்துருக்கும் சம்பந்தி! வாங்க பாத்துட்டு வந்துருவோம்."

இருவரும் போயே விட்டார்கள். தட்டுகளோடு தட்டாக நான் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்டார்: "சுவத்துக்கு என்ன அடிச்சிருக்கீக?"

"பத்து வருசம் கேரண்டி," என்றார் அம்மா. கண் கலங்கிவிட்டது.

நல்ல நேரம் முடிவதற்குச் சற்று முன்பு, முழங்கால்வரை சேறும் மடித்துக்கட்டிய வேட்டியுமாக இருவரும் திரும்பினார்கள். அப்பா ஈரக்கையாலேயே தட்டை வாங்கினார். பல வாரங்களுக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பொழச்சோம் ஆத்தா," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. படமெடுக்க வந்தவர், பின்னால் மாமன் முதுகளவுக்குப் பெயிண்ட் போயிருக்கிறது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றார்.

நான் நகரவில்லை.