ஒரு நாற்காலிக்கு இரண்டு பதிவாளர்கள்

என் அம்மா ஒரு சிறிய கல்லூரியில் பதிவாளர். இதைச் சொன்னதும் பாதிப் பேர் கல்யாணம் பதிவு செய்கிற ஆபீசா என்று கேட்பார்கள். இல்லை. எந்தப் பிள்ளை எப்போது சேர்ந்தது, எது பாதியில் நின்றது, எது தேறியது என்பதற்கெல்லாம் அம்மாவின் கையெழுத்துதான் சாட்சி. இருபத்திரண்டு வருடமாக அதே மேசை. மூன்று முத்திரைகள், ஒரு ஸ்டேப்ளர், மூடி தொலைந்த பசை டப்பா. கவுண்ட்டர் கண்ணாடியில் அரைவட்டமாக ஒரு திறப்பு இருக்கும். அதற்குக் குனிந்து பேசுகிறவர்களின் நெற்றியைத்தான் அம்மா அதிகம் பார்த்திருக்கிறாள். பழைய மாணவர்கள் கடைத்தெருவில் வணக்கம் சொன்னால் அவளுக்குப் பெயர் நினைவுக்கு வராது, பதிவு எண் வந்துவிடும்.

பதிவாளர்களுக்கும் சேர்க்கை அலுவலர்களுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு மாநாடு. பெரிய கல்லூரிகள் தனித்தனியாக உறுப்பினர்கள். சிறிய கல்லூரிகளுக்கு இரண்டுக்கு ஓர் உறுப்பினர் இடம், ஒரு வாக்கு, ஒரு நாற்காலி. எனவே ஒரு வருடம் அம்மா போவாள், மறு வருடம் எங்களோடு அந்த இடத்தைப் பகிர்கிற இணைக் கல்லூரியின் பதிவாளர் போவார். ஒருவர் மாநாட்டில் இருக்கும் மூன்று நாளும் மற்றவர் இரண்டு கல்லூரிகளின் அவசர வேலையையும் தொலைபேசியில் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படிப் பத்தொன்பது வருடமாக அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டே வந்திருக்கிறார்கள். ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

அந்தப் பதிவாளர் அம்மாவைவிட ஆறு வயது மூத்தவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் ‘மறுபாதி’. வைத்தது அப்பா.

“உங்கம்மாவோட மறுபாதி லைன்ல இருக்காங்க. நான் கால்பாதிதானே, அப்புறம் பேசிக்கறேன்” என்று ரிசீவரை நீட்டுவார்.

மாற்றுச் சான்றிதழ் உண்மையா என்று சரிபார்க்கத்தான் முதலில் பேசினார்களாம். பிறகு அது எல்லாவற்றையும் பேசுகிற பேச்சாகிவிட்டது. எனக்கு அம்மை போட்டது, அவருடைய கணவர் விழுந்து படுக்கையானது, அப்பாவின் குறட்டை எல்லாம் அந்த வழியாகப் போய் வந்தன. மாநாட்டு அடையாள அட்டை ஒன்றுதான். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சீட்டு, ஒரு பக்கம் எங்கள் கல்லூரி, மறுபக்கம் அவர்கள் கல்லூரி. போய் வந்தவர் அதைக் கூரியரில் மற்றவருக்கு அனுப்புவார். கூடவே மறுபாதியின் குறிப்பும் வரும்: ‘மூன்றாவது வரிசை ஓரம் உட்கார். ஃபேன் நேராகத் தலையில் அடிக்காது. இரண்டாம் நாள் உரையில் தூங்கலாம், யாரும் கவனிப்பதில்லை.’

சங்கத்தின் ஆண்டு மலரில் அவர் படம் ஒன்று உண்டு. ஒரு உயரமான ஆளின் தோளுக்குப் பின்னால் பாதி மூக்குக்கண்ணாடியும் ஒரு கைப்பையும் தெரியும். அவ்வளவுதான். வீடியோவில் பேசேன் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

“அதுல பாத்துட்டா பாத்த கணக்காயிடும்டி. அப்புறம் நேர்ல பாக்கணும்னு தோணாமப் போயிடும்” என்பாள் அம்மா.

இந்த ஆண்டு நான் பள்ளி முடித்தேன். இந்த ஊரை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது. தொலைவில் ஒரு நகரத்துக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அம்மா ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே, “நம்ம காலேஜுக்கும் ஒண்ணு போட்டு வையேன்” என்றாள்.

“நீ இருக்கற ஆபீஸ்லயே நானும் வந்து நிக்கணுமா? ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல சாப்பாடு எடுத்துட்டுப் போலாமா?”

“சேரச் சொல்லலை. போட்டு வைன்னுதான் சொன்னேன்.”

இரண்டு நாள் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. என்னைக் கட்டிப்போடப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அப்பாதான் சங்கத்தின் விதிப் புத்தகத்தை என் மடியில் போட்டார்.

“பதினாலாம் விதியைப் படி. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கோ.”

ஒரு பதிவாளரின் மகனோ மகளோ அதே கல்லூரிக்கு விண்ணப்பித்தால் அந்தக் கோப்பில் அவர் கையெழுத்திடக் கூடாது. இணைக் கல்லூரியின் பதிவாளர் நேரில் வந்து, அசல் சான்றிதழ்களைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

“அந்தம்மா இந்த மாசக் கடைசியில ரிட்டயர் ஆகறாங்க” என்றார் அப்பா.

அப்போதுதான் புரிந்தது. கணவரைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு மறுபாதி ஏழு மணி நேரம் ரயிலில் வர வேண்டுமென்றால், அதற்கு ‘ஆபீஸ் வேலை’ என்ற ஒரு காரணம் வேண்டும். அம்மாவுக்கும் அப்படித்தான். ஒரு சிநேகிதியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அவள் எங்கும் போய் நான் பார்த்ததில்லை. யாரும் தடுத்ததும் இல்லை. அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை, எங்களுக்கு அனுப்பத் தோன்றவில்லை.

மறுநாள் விண்ணப்பத்தை நிரப்பி, கவுண்ட்டரில் வரிசையில் நின்று நீட்டினேன். ‘இக்கல்லூரிப் பணியாளருக்கு உறவினரா?’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று குறித்திருந்தேன். அம்மா அந்தக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஒரிஜினல் இருக்கா?” என்றாள், யாரையோ கேட்பது போல.

“இருக்கு.”

“ஃபோட்டோவுல ஏன் இப்படி முறைச்சுட்டு இருக்கே? சரி, அடுத்தவங்க வாங்க.”

அன்று மாலை தொலைபேசியில், “அக்கா, ஒரு உறவுக்காரங்க ஃபைல் வந்திருக்கு” என்றாள்.  அந்தப் பக்கத்துச் சிரிப்பு எனக்கே கேட்டது. திங்கட்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டார் மறுபாதி. அம்மா தன் அறையில் பார்வையாளர் நாற்காலியை ஃபேனுக்கு நேர்கீழேயிருந்து தள்ளிப் போட்டாள். பசை டப்பாவுக்கு ஒரு மூடி வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை எனக்கு நகரத்துக் கல்லூரியிலிருந்து இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அதே நாள் அம்மாவின் கல்லூரியிலும் சேர்க்கைப் பட்டியல் தயாரானது. நான் கேட்ட பாடத்துக்கு நாற்பது இடம். மதிப்பெண் வரிசையில் நான் நாற்பதாவது. நாற்பத்தோராவது ஒரு பெண். ஒரு வாரமாகத் தினமும் கவுண்ட்டரில் வந்து கேட்டுவிட்டுப் போகிறவள்.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: “நீ நம்ம காலேஜுல சேரப்போறியா?”

“ஆமா.”

“என்னைப் பாத்துச் சொல்லு.”

நான் தட்டைப் பார்த்தேன். “திங்கக்கிழமை அவங்க வந்துட்டுப் போகட்டும்மா. அப்புறம் நான் வாபஸ் வாங்கிக்கறேன். அந்தப் பொண்ணுக்கு ரெண்டாவது லிஸ்ட்ல கிடைச்சிடுமே.”

“ரெண்டாவது லிஸ்ட்டுக்குப் பத்து நாள் ஆகும். நாளைக்கு போர்டுல பேர் இல்லைன்னா அவ வீட்ல அதோட விட்டுடுவாங்க. எத்தனை பேரை அப்படிப் பாத்திருக்கேன்.” தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “பொய் ஃபார்மைக் கண்டுபிடிக்கறதுதான்டி என் வேலை. நானே போடச் சொல்லியிருக்கேன் பாரு” என்றாள்.

சனிக்கிழமை காலையில், பட்டியல் ஒட்டுவதற்கு முன் என்னிடம் வாபஸ் கடிதம் வாங்கிக்கொண்டாள். பிறகு மறுபாதியின் எண்ணை அழுத்தினாள்.

“அக்கா, அந்த ஃபைலை மூடிட்டேன்.” காரணத்தைச் சொன்னாள். நெடுநேரம் கேட்டாள். கடைசியில், “தெரியும்க்கா. நீங்களும் அதத்தான் செஞ்சிருப்பீங்க” என்று வைத்தாள்.

பார்வையாளர் நாற்காலி ஓரத்திலேயே இருந்தது. யாரும் அதை நகர்த்தவில்லை.

பத்து நாள் கழித்து நான் கிளம்பினேன். சேர்க்கை சமயம் என்பதால் அம்மாவால் மேசையை விட்டு வர முடியவில்லை. அப்பாதான் வந்தார். மறுபாதியின் ஊரைத் தாண்டி இன்னும் இரண்டு மணி நேரம் போக வேண்டும். எந்த ரயில் என்று அம்மா அவரிடம் சொல்லியிருந்தாள். அந்த நிலையத்தில் ரயில் எட்டு நிமிடம் நின்றது. ஒரு குள்ளமான அம்மாள் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். கைப்பையை உடனே அடையாளம் தெரிந்தது. நான் இறங்கி ஓடினேன்.

“நீதானா அந்த ஃபைல்?” என்றார். குரலைக் கேட்டதும் எங்கள் வீட்டுக் கூடம் நினைவுக்கு வந்தது.

“ஆமா பெரியம்மா.”

அவர் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். நெற்றி, மூக்கு, காது என்று சான்றிதழ் சரிபார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். “மூக்கு அவளுதா, உங்கப்பாவுதா?”

“என்னுதுங்க” என்று ஜன்னலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

“அப்ப மத்ததெல்லாம் அவளுது” என்றார் மறுபாதி. மறுபடி பார்த்தார்.

பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். எங்கள் கல்லூரியின் பக்கம் வெளியே தெரியும்படி சீட்டைத் திருப்பியிருந்தார். “இந்த வருஷம் அவ முறை. மூணாவது வரிசை ஓரம்னு சொல்லு.” படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். கை ஏற்கெனவே தலைமுடியைச் சரிசெய்யப் போயிருந்தது. பிறகு இறக்கிக்கொண்டு, “வேணாம்மா” என்றார். “அவ படத்துல பாக்கறதா இருந்தா எப்பவோ பாத்திருப்பா.”

ரயில் நகர்ந்தபின் அம்மாவைக் கூப்பிட்டேன். பின்னால் கவுண்ட்டர் இரைச்சல் கேட்டது.

“பாத்தியா? எப்படி இருக்காங்க? என்னைவிட உயரமா?”

குள்ளம், கண்ணாடி, நரைத்த முடி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பார்த்த கணக்காகிவிடும் என்று பட்டது.

“உன்னைத் தேடினாங்கம்மா. என் மூஞ்சியில.”

அவள் அடுத்த கேள்வி கேட்பதற்குள் நானே சொன்னேன்.

“அடுத்த மாசம் என்னைப் பாக்க வா. வர வழியில இறங்கிக்கோ. காலேஜுல பெற்றோரைக் கூப்பிடறாங்கன்னு வேணா நான் லெட்டர் போடறேன்.”

“பொய் லெட்டரா?”

“இல்ல. பாக்கப் போறேன்னு சொல்லிட்டே வா.”

அந்தப் பக்கம் ஸ்டேப்ளர் ஒருமுறை அடித்தது. கண்ணாடியை யாரோ தட்டினார்கள். அம்மா தொலைபேசியை வைக்கவில்லை.  தட்டியவர்களிடம், “ஒரு நிமிஷம் இருங்க” என்றாள். கவுண்ட்டரில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.