ஆள் இல்லாமல் ஓடும் டேப்

ஹட்டனில், சில தேயிலைத் தோட்டங்களுக்குச் சேர்த்துச் சம்பளக் கணக்குப் போடும் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் என் பொறுப்பில் இருந்தது. எல்லோரும் வேலை முடித்துப் போன பிறகுதான் கணக்கை டேப்பில் நகலெடுத்து வைக்கும் பேக்கப் வேலையைச் செய்யலாம். எங்கள் டேப் டிரைவ் சிறியது. பாதியில் டேப் நிரம்பிவிடும். அடுத்ததைப் போட யாராவது காத்திருக்க வேண்டும். அநேகமாக நானும், யாழ்ப்பாணத்துக்காரரான கணக்காளரும்தான் இருப்போம்.

ஒரு மாலை, தமிழ்க் கடைகளை அடித்து நொறுக்கிக்கொண்டே ஒரு கூட்டம் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. எங்கள் ஜன்னலில் மட்டும்தான் வெளிச்சம்.

"டேப்ப விடுங்க சார், பின்னால போயிருவோம்."

"நீ ஓடு பிள்ளை, நான் இதை நிப்பாட்டிப்போட்டு வாறன்."

நான் பின்வாசல் தாண்டித் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தபோது முன்கதவு உடைந்தது. அவருடைய அலறல் கேட்டது. பிறகு அலறலும் இல்லை, அடிக்கிற சத்தம் மட்டும். கூட்டம் அடுத்த கடைக்குத் தீ வைக்கப் போனதும் உள்ளே ஓடினேன். அவருடைய வலது முழங்கை எதிர்ப்பக்கமாக மடங்கிக் கிடந்தது. ஒரு கண் இருந்த இடத்தில் இரத்தம்தான் தெரிந்தது. அந்தக் கண் பிழைக்கவில்லை.

கலவரம் அடங்கியபின் கொழும்பிலிருந்து டிரைவ் விற்பவர் வந்தார்.

"இது விலை குறைவு. ஒருக்கா டேப் மாத்தினா போதும்."

"மாத்த ஆள் இருக்க மாட்டாங்க. ஆள் இல்லாம ஓடணும்," என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

தானே டேப் மாற்றும் இயந்திரம் ஒன்றைக் காட்டினார். டேப்பைத் தூக்கும் அதன் கை சிக்கிக்கொண்டால் எடுத்துவிட ஒருவர் வேண்டுமே என்று அதையும் வேண்டாமென்றேன். எங்கள் கணக்கு முழுவதும் ஒரே டேப்பில் அடங்கி, இன்னும் வளர இடமும் விட்டு, எழுதியதைத் தானே சரிபார்க்கும் பெரிய டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். மாலையில் டேப்பைப் போட்டு, பூட்டிவிட்டுப் போவோம். மறுநாள் காலையில் எடுத்து வங்கிப் பெட்டகத்துக்கு அனுப்புவோம்.

பின்னொரு வருடம், ஓர் இரவில் மறுபடியும் கூட்டம் வந்தது. காலையில் போய்ப் பார்த்தேன். மேசைகள் கரிந்திருந்தன. டிரைவைக் கோடாரியால் பிளந்திருந்தார்கள். உள்ளேயிருந்த டேப் குடல்போல வெளியே கிடந்தது. தரையெங்கும் கண்ணாடி. இரத்தம் எங்கேயும் இல்லை. மூலை மூலையாகத் தேடினேன், ஒரு சொட்டும் இல்லை.

பெட்டகத்திலிருந்த முந்திய நாள் டேப்பைக் கொழும்புக்குக் கொண்டுபோய், அதே மாதிரி டிரைவில் போட்டுக் கணக்கை மீட்டோம். தோட்டங்களில் சம்பளம் தவறவில்லை.

கணக்காளர் அப்போது கொழும்பு வெள்ளவத்தையில், தன் அக்கா வீட்டில் இருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"உள்ளுக்கை ஆர் நிண்டது?" என்று கேட்டார்.

"யாருமே இல்லைங்க சார்."

அவர் அழுவது கேட்டது.