பொம்பளை டிக்கெட் சுவர்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். தேவிபட்டினம் ரோட்டில் அமாவாசை இருட்டில் போஸ்ட் மேல் உட்கார்ந்திருக்கிறேன், அறுந்த கம்பியைத் தேடிச் சுடுகாட்டுப் பக்கம் ஒற்றை ஆளாக நடந்திருக்கிறேன், எந்த மோகினியும் என்னிடம் வந்து சுண்ணாம்பு கேட்டதில்லை. எனக்குத் தெரிந்து ஆளைக் கொல்வது கரண்ட் ஒன்றுதான், அதற்கும் சொந்தக்காரன், வேண்டாதவன் என்ற பேதம் கிடையாது. அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. இதையே வேறொருத்தன் என்னிடம் சொல்லியிருந்தால், "சுகர் மாத்திரைய ஒழுங்காப் போடுறியாப்பா?" என்று நானே கேட்டிருப்பேன்.

என் மனைவி மங்களேஸ்வரி போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி, கடைசி நாலு நாள் என்னை உள்ளே விடவில்லை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அவளோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. சரி, விதி, அதை விடுங்கள். எனக்குள் அறுத்துக்கொண்டிருந்தது வேறு. என் மகள் போனில், "அய்யா, நேத்து அம்மா கனவுல வந்துச்சு, தலைக்கு எண்ணெ வச்சு விட்டுச்சு" என்று அழுவாள். எதிர்வீட்டுக்காரர் கனவில் வந்திருக்கிறாள். இதாவது பரவாயில்லை, வாசலில் பால் ஊற்ற வருகிற பெண் ஒரு நாள், "அண்ணே, அக்கா கனவுல வந்து, என்னடி பால்ல இம்புட்டுத் தண்ணியின்னு வஞ்சுச்சுண்ணே" என்கிறாள். பால்காரிக்கு வந்தவள் எனக்கு வரவில்லை. ஒரு நாள் கூட வரவில்லை. சீக்கிரம் படுத்துப் பார்த்தேன், அவள் தலையணையை வைத்துப் படுத்துப் பார்த்தேன், என்ன செய்தும் கனவே முளைக்காத கட்டாந்தரைத் தூக்கம்தான். நம்பினால் நம்புங்கள், அவள் செத்ததை விட இது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

இப்போது எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நடந்தது விளங்காது. ராமநாதபுரத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ராமேஸ்வரத்துக்குப் போகிறவர்கள், பஸ் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டு போவார்கள். மீதிப்பேர் கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் வருகிற கிராமத்து ஜனங்கள். வந்த வேலை நடக்காது, நாளைக்கு வா என்பார்கள். திரும்பிப் போக பஸ்ஸுக்கு நேரம் இருக்கும். அப்புறம் என்ன செய்வார்கள்? மேட்னி பார்ப்பார்கள். வாய்தா, மேட்னி, அரண்மனைப் பக்கம் வாங்கிய சேவுப் பொட்டலம், கடைசி பஸ், இதுதான் எங்கள் ஜில்லாவுக்கு டவுன் என்றால். நானும் மங்களேஸ்வரியும் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் வயல்காட்டிலிருந்து வந்து இங்கே வாடகைக்குக் குடியேறிய புதிதில், குழாயில் வருகிற தண்ணீர் உப்பு, தெரிந்த முகம் ஒன்று கிடையாது, இந்த ஊரில் எங்களுக்கென்று இருந்த ஒரே ருசி சினிமாக் கொட்டகைதான்.

எந்தக் கொட்டகை என்று சொல்ல மாட்டேன், இன்றைக்கு அது கல்யாண மண்டபம், மண்டபக்காரர் சண்டைக்கு வருவார். அந்தக் கொட்டகையில் குறைந்த டிக்கெட்டில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் திரையை நோக்கி நீளவாக்கில் ஒரு சுவர். உட்கார்ந்தால் தலைக்கு மேல் ஒரு முழம் இருக்கும், எட்டிப் பார்க்க எழுந்தால் பின்னாலிருந்து, "ஏலே, தலைய எறக்குலே!" என்று நாலு பேர் கத்துவார்கள். கட்டிய பெண்டாட்டியாக இருந்தாலும் அவள் அந்தப் பக்கம்தான், நீங்கள் இந்தப் பக்கம்தான். ஊரிலிருந்து வந்த கிழவிகள், துப்பட்டி போர்த்திய கீழக்கரைப் பெண்கள், கைப்பிள்ளைக்காரிகள் எல்லாம் அங்கே சேர்ந்து அழுவதும் சிரிப்பதும் நமக்குச் சத்தமாக மட்டும் வரும். அழுகை சீனில் படத்தை விட அந்தச் சத்தம்தான் நம்மை உலுக்கும்.

இடைவேளை விட்டதும் புருஷன்மார் கடலையோ முறுக்கோ வாங்கிக்கொண்டு வந்து சுவர் ஓரம் உட்கார்வோம். பேர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது. பெண்டாட்டி பேரைக் கொட்டகையில் கத்தினால் ஊரே சிரிக்கும். ஆகவே ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு குறிப்பு. ஒருத்தி இருமுவாள், ஒருத்தி சுவரில் காசைத் தட்டுவாள், என் ஆள் கண்ணாடி வளையலைச் சுவரில் ஒரு இழுப்பு இழுப்பாள். சத்தம் கேட்ட இடத்தில் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்தால் மேலிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும்.

இதில் ஒரு நாள் கூத்தாகிவிட்டது. கடலைக் கடையில் கூட்டம், நான் வருவதற்குள் விளக்கை அணைத்து விட்டார்கள். வளையல் சத்தம் கேட்டது, கொடுத்தேன், கை வாங்கிக்கொண்டது. படம் முடிந்து வெளியே வந்தால் இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள். "எனக்கு எங்க கடலை?" கொடுத்தேனே என்றால், "எவளுக்குக் குடுத்தீகளோ அவ கூடயே வீட்டுக்குப் போங்க" என்கிறாள். எவளோ ஒருத்தி என் கடலையைத் தின்றுவிட்டுத் தன் புருஷனைப் பாராட்டிக்கொண்டு போயிருக்கிறாள்! கேணிக்கரை வரைக்கும் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

அதிலிருந்து மங்களேஸ்வரி உஷாராகிவிட்டாள். பொட்டலத்தை வாங்குவதற்கு முன் இருட்டில் என் கையைத் தடவிப் பார்ப்பாள். சுண்டு விரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்து ஆட்காட்டி விரலில் நிற்பாள். அதன் நுனியில் கட்டிங் பிளேயர் பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறியிருக்கும், அதை நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்துவிட்டு, ஆமாம் நம் ஆள்தான் என்று தெரிந்தபின்தான் எடுப்பாள். வீட்டில் கூட அப்படி என் கையைப் பிடித்தவள் இல்லை. அந்தக் கீறலுக்காகவே ஓடாத படத்துக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

அப்புறம் வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது, கொட்டகை மூடினார்கள், பல வருஷம் வௌவால் அடைந்து கிடந்தது, பிறகு மண்டபம் ஆனது. சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஆவணியில் என்னோடு வேலை பார்த்த சண்முகம் மகனுக்கு அங்கேதான் கல்யாணம். அவள் போனபின் நான் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. அவன் வீட்டுக்கே வந்து, "ஏப்பா, நீ வரலையின்னா நான் மணவறைய விட்டு எறங்கி உன்னைய வந்து கூட்டிட்டுப் போவேன், பாத்துக்க" என்று உருட்டினான். போனேன். வாசலில் சந்தனம் தடவி, கல்கண்டு கொடுத்தார்கள். சுகர்க்காரன் எங்கே தின்பது, கையிலேயே வைத்துக்கொண்டேன். கூட்டத்துக்கு ஒதுங்கி ஓரமாகப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிறேன், பக்கத்தில் அந்தச் சுவர். வர்ணம் அடித்திருந்தார்கள், மேலே ஜரிகைத் துணி தொங்கவிட்டிருந்தார்கள், ஆனால் அதே சுவர். மண்டபக்காரர் இடிக்கிற செலவை மிச்சம் பிடித்து, பெண்கள் பக்கத்தைச் சாமான் அறையாக வைத்துக்கொண்டு விட்டார்.

பட்டப்பகல் முகூர்த்தம், கெட்டிமேளம் கொட்டப் போகிற சமயம், கரண்ட் போய்விட்டது. கொட்டகையாகக் கட்டிய இடத்தில் ஜன்னல் ஏது? கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. ஜெனரேட்டர்காரன் எங்கே என்று கத்துகிறார்கள், பிள்ளைகள் வீரிடுகின்றன, நான் பழக்க தோஷத்தில் எந்த ஃபேஸ் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்போது என் காதுக்குப் பக்கத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், கண்ணாடி வளையலை ஒரு இழுப்பு இழுத்த சத்தம்.

நான் யோசிக்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கை தானாக மேலே போய்விட்டது, உள்ளங்கையில் கல்கண்டோடு. துணி விலகியது. ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. சுருக்கம் விழாத கை, வெதுவெதுப்பாக இருந்தது. சுண்டு விரலைப் பிடித்தது, மோதிர விரலைப் பிடித்தது, நடு விரலைப் பிடித்தது. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத வரிசை அது. எனக்குப் பயம் வரவில்லை, வந்துவிட்டாளே என்று சந்தோஷம்தான் வந்தது. கனவில் வராதவள் எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறாள்!

பிறகு அந்தக் கை ஆட்காட்டி விரலுக்கு வந்தது. அங்கே நுனி இல்லை.

கொட்டகை மூடி வெகுநாள் கழித்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் டிரான்ஸ்பார்மரில் வேலை செய்தபோது கருகிப் போய், ஆஸ்பத்திரியில் மேல் கணுவை எடுத்துவிட்டார்கள். அப்போது எனக்கு இதே மங்களேஸ்வரிதான் சோறு ஊட்டினாள், புண் கழுவிக் கட்டினாள், "ஒத்த நுனிதானய்யா போச்சு, ஆளு முழுசா வந்தீகள்ல" என்று அழுதுகொண்டே சிரித்தாள். அவளுக்குத் தெரியாதா? ஆனால் கொட்டகைக் காலத்து அந்தக் கைக்குத் தெரியவில்லை. இல்லாத நுனியைத் தேடியது. மொட்டை விரலைச் சுற்றிச் சுற்றித் தடவியது. ஒரு நொடி அசையாமல் நின்றது. பிறகு, ஊரான் கையைத் தெரியாமல் தொட்டுவிட்ட பெண்பிள்ளை எப்படிப் பதறி இழுத்துக்கொள்வாளோ அப்படி வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. கல்கண்டைத் தொடவே இல்லை.

"நாந்தேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "இந்தா, நாந்தேன்..." அதற்குள் விளக்கு வந்துவிட்டது, மேளம் கொட்டியது, எல்லோரும் அட்சதை போடுகிறார்கள், நான் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நாற்காலி மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். அடுக்கிய நாற்காலிகள், சுருட்டிய ஜமுக்காளம், கவிழ்த்த அண்டா. சண்முகம் பதறிக்கொண்டு ஓடிவந்தான், "ஏப்பா, என்னப்பா செய்யிற, எறங்கு!" மண்டபத்துப் பையனைச் சாவி கொண்டுவரச் சொல்லிப் பூட்டைத் திறந்து பார்த்தோம். உள்ளே ஒருவரும் இல்லை, தரையில் தூசி கலையாமல் கிடந்தது. சண்முகம் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பந்தியில் பக்கத்திலேயே உட்கார்ந்து எனக்குச் சாப்பாடு போடச் சொன்னான். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

மனப்பிரமை என்பீர்கள். ஆசையில் தோன்றியது என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். ஆசையில் தோன்றியிருந்தால் அவள் என் கையை விட்டிருப்பாளா? என் ஆசைக்கு என்னைத் தெரியாமல் போகுமா?

மகள் மதுரைக்கு வந்துவிடச் சொல்லித் தினமும் கூப்பிடுகிறாள். "இந்த முகூர்த்தம் போகட்டும்த்தா" என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். பத்திரிகை வந்தாலும் வராவிட்டாலும் அந்த மண்டபத்துக் கல்யாணங்களுக்குப் போய் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு நாள் மண்டபக்காரர் சந்தேகமாக, "பெரியவரே, மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" என்று கேட்டார். "பொண்ணு வீடு" என்றேன். சண்முகம் வீட்டுக் கல்யாணத்தில் நடந்த ரகளைக்குப் பிறகு அவர் புதிதாக ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டுவிட்டார், இப்போது கண் சிமிட்டுகிற நேரம் கூட விளக்கு அணைவதில்லை. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்க மழையில் ஓடினவன், இன்றைக்கு உட்கார்ந்து கரண்ட் போகாதா, போகாதா என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். போனால் அந்தக் கை ஆட்காட்டி விரலுக்கு வருவதற்குள் அவள் பேரைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் தனியாக இருக்கும்போது சொல்லிப் பழகுகிறேன். அவள் இருந்தவரை ஒரு நாளும் கூப்பிடாத பேர், உங்களிடம் சொல்ல வருகிறது, அவளைக் கூப்பிட வாய்க்கு வர மறுக்கிறது.

அவள் ஆவியாக வந்தாளா என்பது கூட இப்போது எனக்குப் பெரிதில்லை. ராத்திரியில் தூக்கத்தைக் கெடுப்பது வேறு. புருஷன் கடலை வாங்கப் போனவன் இன்னும் வரவில்லை, கையை நீட்டினவன் எவனோ ஊரான் என்று நினைத்துக்கொண்டு அவள் அந்த இருட்டில் உட்கார்ந்திருக்கிறாளே, படம் விட்டதும் யாரோடு வீட்டுக்குப் போவாள்?