எட்டாம் நம்பர் வீடு

எண்பதுகளின் நடுவில், ஒரு ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை, கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் விருதுநகர். கார்டன் ரீச்சில் இருந்த ரயில்வே ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்து, பெஹாலாவில் ஒரு மெஸ்ஸில் தங்கி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். இப்போது குறைந்துவிட்டது என்று நான் சொன்னால் என் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அந்த வருஷம் கல்கத்தா டி.வி.யில் வாரம் ஒருமுறை ஒரு வங்காளத் தொடர் வந்தது. வேறு கிரகத்திலிருந்து ஒரு பெண் வந்து பெஹாலாவில் வாடகைக்குக் குடியேறுவாள். பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேருவாள். சோறு, மீன் எதுவும் அவளுக்கு இறங்காது. சாப்பாடு என்றால் கரண்ட்தான். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து டிராம் கம்பியைத் தொட்டுப் பசியாறிக் கொள்வாள். ஊரே அதைப் பார்த்தது. டி.வி. இருக்கிற வீட்டில் அந்த அரைமணி நேரம் உட்கார இடம் கிடைக்காது.

அந்தத் தொடரில் நானும் வந்தேன். கரியாஹாட்டில் ஒருநாள் டிராமுக்கு நின்றுகொண்டிருந்தபோது படம் பிடித்தார்கள். என் பின்மண்டை இரண்டு விநாடி தெரியும். அவ்வளவுதான். ஆனால் நான் அதைச் சொன்ன விதத்தில், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் நானும் டைரக்டரும் தோளில் கைபோட்டுப் பழகுகிறவர்கள் என்றே நம்பிவிட்டார்கள். எங்கள் செக்‌ஷன் அதிகாரியின் மனைவி, திருநெல்வேலிக்காரர், எங்களுக்கெல்லாம் அக்கா. அவர் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் எல்லாம் ஆசைப்படுகிறார்கள், படம் எடுத்த இடங்களை ஒருநாள் நடத்திக் கூட்டிப்போய்க் காட்டு என்றார். பேசின வாய்க்கு அனுபவித்துத்தானே ஆகவேண்டும்?

ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் ஒரு வங்காளி. அவருடைய மச்சான் அந்தத் தொடருக்கு லைட் போட்டவர். மேஜைக்காரரைக் கெஞ்சி, பெஹாலாவில் படம் எடுத்த நான்கு இடங்களை ஒரு தாளில் எழுதி வாங்கினேன். எல்லாம் வங்காள எழுத்து. எனக்குப் பேச்சு வரும், படிக்க வராது. அவர் வாசித்துக் காட்டியதை மனப்பாடம் செய்துகொண்டேன். கடைசி இடத்துக்குத் தெருப் பெயரைச் சொன்னார். வீட்டு நம்பரைப் படிப்பதற்குள் அதிகாரி கூப்பிட, எழுந்து போய்விட்டார். நம்பர்தானே, அதைக்கூடவா படிக்கத் தெரியாது என்று தாளைப் பார்த்தேன். எட்டு என்று தெளிவாகப் போட்டிருந்தது.

நான்கு குடும்பம், பிள்ளைகளோடு சேர்த்துப் பதினான்கு பேர் வந்தார்கள். ஊர் சுற்றுவது என்றால் நம்மவர்கள் சும்மா வருவார்களா? பெண்கள் அத்தனை பேரும் பட்டுப்புடவை. ஆண்கள் சலவைச் சட்டை. நான் டூரிஸ்ட் பஸ் கைடு மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். டிராம் டிப்போவைக் காட்டினேன். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் கேட்டைக் காட்டினேன். வோல்டேஜ் குறைந்த கரண்டைக் குடித்து வயிற்றுவலி வந்து அவள் மருந்து வாங்கின ஹோமியோபதிக் கடையைக் காட்டினேன். கடைக்காரரே எழுந்து வந்து, அவள் எப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று நடித்துக் காட்டினார். பிள்ளைகள் சிரித்துப் புரண்டன. தெரியாததைக் கேட்டால் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். அவள் எந்த நட்சத்திரத்திலிருந்து வந்தாள் என்று அக்காவின் பெண் கேட்டாள். பத்து வயசு, தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவாள். துருவ நட்சத்திரம் என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

நாலு மணிக்கு அந்தக் கடைசித் தெருவுக்கு வந்தோம். அவள் குடியிருந்த வீடு, மொட்டைமாடியிலிருந்து அவள் தன் கிரகத்துக்குத் திரும்பிப் போன வீடு. எட்டாம் நம்பர் எது என்று வழியில் ஒருவரிடம் கேட்டேன், காட்டினார். வாசலில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து கைகூப்பி, வாருங்கள் வாருங்கள் என்று உள்ளே அழைத்துப் போனார். தொடரைப் பார்க்கிற ரசிகர்களுக்கு இந்த வீட்டில் இப்படி ஒரு மரியாதையா என்று எனக்கே ஆச்சரியம்.

கூடத்தில் வெள்ளைவிரிப்பு விரித்திருந்தது. உட்கார்ந்ததும் தட்டுத் தட்டாகச் சந்தேஷ் என்கிற பால் இனிப்பு, சமோசா, உள்ளேயிருந்து சூடாக, நம் பூரி மாதிரி லூச்சி. அக்கா என்னைப் பெருமையோடு பார்த்தார். நான் காலை நீட்டிக்கொண்டு, பெரியவரிடம் எனக்குத் தெரிந்த வங்காளத்தில், "அவளைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். மேலேதானே இருந்தாள்?" என்றேன். தொடரில் வந்தவளைச் சொன்னேன். அவர் பவ்யமாக, ஆமாம், மேலேதான், தயாராகிக்கொண்டிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்றார். அந்த நடிகையையே வரவழைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் திரும்பி எல்லோரிடமும் அதைச் சொல்லவும் சொல்லிவிட்டேன். மடையன்.

மாடிப்படியில் ஒரு பெண் டீத் தட்டை ஏந்திக்கொண்டு இறங்கி வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசிருக்கும். மாநிறம், நல்ல உயரம், புதுச்சேலை. ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி இறங்கினாள். எங்கள் நடுவில் வந்து தலையைக் குனிந்து நின்றாள்.

அக்கா என் காதோரம், "தம்பி, இந்தப் பிள்ளையா டி.வி.ல வந்துச்சு? அது வேற ஆளுல்லா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அக்காவின் பெண், ஏமாந்துபோன குரலில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வங்காளத்தில் சொன்னாள். "இவ அந்தப் பொண்ணு இல்ல. இவ வேண்டாம்."

பெரியவரின் முகம் செத்துப்போனது. அந்தப் பெண் தலையை நிமிர்த்தவே இல்லை, ஆனால் கண்ணீர் இரண்டு சொட்டு அந்தத் தட்டிலேயே விழுந்ததை நான் பார்த்தேன். வெள்ளைவிரிப்பு, பலகாரம், புதுச்சேலை, டீத் தட்டு. பெண் பார்க்க வருகிறவர்களுக்காக அல்லவா இத்தனையும்! அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

எழுந்து, தாளை நீட்டி, உளறிக் கொட்டினேன். நாங்கள் மாப்பிள்ளை வீட்டார் இல்லை, டி.வி. தொடர் எடுத்த எட்டாம் நம்பர் வீட்டைத் தேடி வந்தோம் என்றேன். பெரியவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு எட்டு இல்லை, "சார்" என்றார். எட்டு இல்லையா சார், அப்படியானால் எத்தனை சார் என்று கேட்டேன். மறுபடியும் "சார்" என்றார். நானும் சார் என்றேன். மூன்று முறை இப்படியே. கடைசியில் அவர் நான்கு விரலை விரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். வங்காளத்தில் நாலுக்குச் சார் என்று பெயர். அது எனக்குத் தெரியும், படபடப்பில் மறந்துபோச்சு. ஆனால் அந்த நாலை எழுதினால் நம் இங்கிலீஷ் எட்டு மாதிரியே இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஏற்பாடு செய்த தரகர் சைக்கிளில் வந்து இறங்கினார். மாப்பிள்ளை வீட்டார் பல வருஷமாக மெட்ராஸில் இருக்கிற வங்காளிகளாம். அதனால்தான் எங்கள் தமிழைக் கேட்டும் பெரியவருக்குச் சந்தேகம் வரவில்லை. அவர்கள் முந்தினநாளே வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள், இனி வரமாட்டார்கள் என்று தரகர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். இதற்கு முன்னால் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனார்களாம். இது நாலாவது. பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் பதினைந்து பேரும் வாயில் போட்ட சந்தேஷை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தோம். இந்தப் பெண்ணுக்கு இந்த நாலாவது அவமானம் ஊர்பேர் தெரியாத கும்பலுக்கு முன்னால் நடக்கும்படி செய்தவன் நான்தான். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. செருப்பைத் தேடிக்கொண்டு நழுவப் பார்த்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு எழுந்துபோய், அந்தப் பெண்ணின் கையிலிருந்த தட்டை வாங்கி, டீயை எங்களுக்கு எல்லாம் அவரே கொடுத்தார்.

கை காலியானதும் அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அலமாரியைத் திறந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்தாள். சோடாபுட்டிக் கண்ணாடி. பெண் பார்க்க வருகிறவர்கள் பார்க்கக் கூடாது என்று கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது இல்லாமல்தான் படியைத் தடவி இறங்கியிருக்கிறாள். அதை மாட்டிக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். என் கையில் இருந்த தாளையும் வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். அடக்க முடியாத சிரிப்பு. உள்ளேயிருந்து அவள் அம்மா எட்டிப் பார்த்தார்.

அவள் அப்பாவிடம் போய், "பாபா, இவங்களா தேடினா நாலாம் நம்பரை ராத்திரி வரைக்கும் கண்டுபிடிக்க மாட்டாங்க. நான் காட்டிட்டு வரேன்" என்றாள். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

நாலாம் நம்பர் எதிர்வரிசையில்தான் இருந்தது. அந்த வீட்டுக்காரர்களுக்கு அவளைத் தெரியும். மாடிக்கு விட்டார்கள். அங்கே போனபிறகு நான் கைடு இல்லை, அவள்தான் கைடு. படப்பிடிப்பு நடந்த பத்து நாளும் தன் வீட்டு மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள். விண்கலம் என்று நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தது இரண்டு துணி துவைக்கிற தொட்டியை ஒன்றோடொன்று கவிழ்த்து வெள்ளிப் பெயிண்ட் அடித்ததாம். தொடரில் வந்தவள் மேலே எழும்பிப் போனதைக் கேமராவைக் கீழே இறக்கி எடுத்தார்களாம். சொல்லிவிட்டுச் செய்தும் காட்டினாள். பிள்ளைகள் அவளைச் சுற்றி மொய்த்துக்கொண்டன. பெரியவர்களுக்குப் பிள்ளைகளே தமிழில் சொன்னார்கள்.

சூரியன் இறங்கியதும் மேற்கே பளிச்சென்று ஒன்று தெரிந்தது. அக்காவின் பெண் அதைக் காட்டி, அதுதான் அவள் வந்த துருவ நட்சத்திரம், இந்த மாமா சொன்னார் என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். துருவ நட்சத்திரம் வடக்கே இருக்கும், இது சுக்கிரன், இது நட்சத்திரமே இல்லை, கிரகம் என்றாள். ஒரே நாளில் இரண்டாம் முறை நான் அசடு வழிந்தேன். ஆனால் அவள் அதோடு விடவில்லை. கிரகம் ஏன் மின்னாது, நட்சத்திரம் ஏன் மின்னும், கரண்ட் குடித்து ஒரு உயிர் வாழ முடியுமா என்று பிள்ளைகள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனாள். முக்கால் மணி நேரம் ஒரு பிள்ளைகூட வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. பிசிக்ஸ் பி.எஸ்ஸி. முதல் வகுப்பில் தேறினவள் என்று அப்போதுதான் சொன்னாள். மேலே படிக்க இடம் கிடைத்தும், கல்யாணம் நிச்சயமாகட்டும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்களாம்.

நாங்கள் திரும்பி வரும்போது பெரியவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அக்காவின் பெண் நேரே அவரிடம் போனாள். கூடத்தில் தான் சொன்னதற்கு என்ன அர்த்தமாகிவிட்டது என்று அவள் அம்மா விளக்கியிருந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தாது, இந்த அக்கா எல்லாரையும்விட நல்லா சொல்லித் தர்றாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டாள். தாது என்றால் தாத்தா.

அவர் மகளைப் பார்த்தார். மகள் சொன்னாள். "போறேன் பாபா. காலேஜுக்கும் போறேன். படிச்சு முடிக்கிறவரைக்கும் இனிமே நான் டீத் தட்டு தூக்க மாட்டேன்."

அவர் குழந்தையின் தலையில் கைவைத்து, சரி, அனுப்புகிறேன் என்றார். இரண்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று மகளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷமே அவள் எம்.எஸ்ஸி. சேர்ந்தாள். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குக் கணக்கும் சயின்ஸும் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு வங்காள எழுத்தும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள், எண்களிலிருந்து ஆரம்பித்து. நான் மாற்றலாகி வந்த பிறகு, கல்லூரியில் லெக்சரர் வேலை கிடைத்திருக்கிறது என்று அக்காவுக்குக் கடிதம் வந்ததாம். அக்கா எனக்கு டிரங்க்கால் போட்டுச் சொன்னார்.

என்னால்தான் இத்தனையும் நடந்தது என்று நான் சொன்னால் அது மறுபடியும் என் வாய்நீளம். நான் தப்பான கதவைத் தட்டினேன், அவ்வளவுதான். ஆனாலும் இன்றைக்கும் முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால், உள்ளே யாரோ ஒருத்தி யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றி, கதவை மெதுவாகத்தான் தட்டுகிறேன்.